ஏதென்ஸ் வரிசையில் என் மஞ்சள் பை

மாடம்பாக்கம்,
22-12-2025

சிரஞ்சீவி பத்ரிநாராயணனுக்கு, உன் அத்திம்பேர் சூர்யநாராயணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா அபிதகுஜாம்பாளும், ஜலதோஷம் நீங்கலாக, சௌக்கியம். அங்கே நீயும் நாகலக்ஷ்மியும் குழந்தை மிருதுளாவும் சௌக்கியம் என்பதை, நீங்கள் ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசுகிற தெம்பிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

மாடம்பாக்கத்திலிருந்து அஸ்தினாபுரத்துக்கு எதற்குக் கடிதம், ஒரு போன் போட்டால் போதாதா என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. நேற்று சிவன் கோயில் பிரகாரத்தில் எங்கள் எதிர்வீட்டு ஷ்யாம்சுந்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாள் சார் உள்ளே வெச்சிருந்தாங்க? அடிச்சாங்களா?" என்று துக்கம் விசாரிக்கிறார். நான் ஏதென்ஸில் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்ததாக நீதான் சொன்னாயாம். ஜெயில் இல்லை, பத்ரி. அறை. ஜன்னல் இருந்தது. குஷன் வைத்த நாற்காலி. காப்பி கொடுத்தார்கள், காசும் வாங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே நாலு பேருக்குச் சொல்.

உன் அக்கா குரோம்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தவள் என்பது உனக்குத் தெரியும். ஏதென்ஸ் பாடம் வந்தால் அக்ரோபோலிஸ் குன்றையும், அதன் உச்சியில் இருக்கிற பார்த்தினான் கோயிலையும் கரும்பலகையில் அவளே வரைவாள். கண்ணால் பார்க்காததைப் பார்த்தவள் மாதிரி சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "ஏன்னா, ஒரு தடவை அதை நேர்ல பார்த்துடணும்" என்பாள். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை, நகை உட்பட. அதனால்தான் மிருதுளாவின் நிச்சயதார்த்தப் பந்தியில், பாயசம் வருகிற நேரமாகப் பார்த்து, அக்காவை ஏதென்ஸுக்கு அழைத்துப் போகிறேன் என்று அறிவித்தேன். நீ என்ன சொன்னாய்? "அத்திம்பேர், உங்க சிக்கனத்துக்கு அதெல்லாம் சரிப்படாது. என் ஃப்ரெண்ட் நடத்தற பேக்கேஜ் டூர்ல போங்கோ. இல்லேன்னா அக்காவை வாசல் வரைக்கும் கூட்டிண்டு போயிட்டு அப்படியே திரும்பி வருவேள்" என்றாய். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். பல்லாவரத்துப் பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்து, சொன்ன விலைக்கு ஒரு ஆணிகூட வாங்காதவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது! அன்றைக்கே முடிவு செய்தேன், டூர்காரன் தயவில்லாமல் இவளை அந்தக் கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது என்று.

கிளம்பும்போதே டாக்சி கிடையாது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் திரிசூலம், இறங்கினால் எதிரே விமான நிலையம், இதற்கு எதற்கு டாக்சி? பெட்டிகள் பெரிசு என்பதால் சரக்குக்காரர்கள் ஏறுகிற பெட்டியில் ஏறினோம். காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன் விற்கிற அம்மாள், முத்தாலம்மாள் என்று பெயர், எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்டையே காலி பண்ணிகினு போறியா?" என்றாள். ஏதென்ஸ் போகிறோம் என்றேன். "அது எங்க கீது? கிண்டி தாண்டியா?" என்றாள். உன் அக்கா விடுவாளா, சானடோரியம் தொடங்கி பல்லாவரம் வரைக்கும் கிரேக்கத்தின் நகர அரசுகளை அவளுக்குப் பாடம் எடுத்தாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் இறங்கும்போது, "அம்மாவுக்கு நல்லா சுத்திக் காட்டு சார், பேஜார் பண்ணாத" என்று என்னிடம் சொன்னாள். எதற்கு என்னிடம் சொன்னாள் என்று இன்றுவரை புரியவில்லை.

ஏதென்ஸில் என் நிர்வாகத்தைக் கேள். தயிருக்குப் பேர்போன ஊராம் அது. வாங்கினோமா? மாட்டோம். நான் மிளகாய்க் காம்பு கொண்டுபோயிருந்தேன். பாலை ரூம் கெட்டிலில் காய்ச்சி, காம்பைப் போட்டு, துண்டைச் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் காலையில் கெட்டித் தயிர். சாதத்துக்கு ஒரு குட்டி மின்சாரக் குக்கர். இரண்டாம் நாள் ஹோட்டல்காரன் கதவைத் தட்டி, மூக்கைச் சுளித்துக்கொண்டு, உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். பெருங்காயம்தான் என்று விளக்கி, ஒரு வாய் கொடுத்தேன், அதற்குப் பிறகு தட்டவில்லை. பார்லிமெண்ட் வாசலில் குஞ்சம் வைத்த செருப்பும் மடிப்புப் பாவாடையுமாகக் காவலர்கள் முறை மாற்றிக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கக் காசு கிடையாது என்பதால் தினமும் பார்த்தோம். கடைசியில், சிலை மாதிரி நிற்க வேண்டிய ஒருத்தன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டான். அக்ரோபோலிஸுக்கு மட்டும்தான் டிக்கெட், அதுவும் சொத்தை எழுதி வாங்குகிற மாதிரி. ஆனால் குளிர்காலத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்று நான் கண்டுபிடித்து, பயணத்தையே அதை வைத்துத்தான் போட்டிருந்தேன். அதுவரைக்கும் கீழேயிருந்தே பார்த்தோம், எந்தத் தெருவில் நின்றாலும் தெரிகிறது. "ஏன்னா, மேல போயே பார்த்துடலாமே, வந்ததே அதுக்குத்தானே" என்பாள். "ஞாயித்துக்கிழமை வரட்டும்டி" என்பேன். திங்கட்கிழமை விடிந்தால் விமானம்.

ஞாயிறும் வந்தது. போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் பாதி உலகமும் அதையே கண்டுபிடித்திருக்கிறது. வரிசை நகரவே இல்லை. உன் அக்காவுக்கு முட்டி வலி, எனக்குப் பசி. நம் ரேஷன் கடையில் என்ன செய்வோம்? பையை வரிசையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போவோம். அதையேதான் செய்தேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்க, புளியோதரை வைத்திருந்த நாலடுக்கு எவர்சில்வர் தூக்கை மஞ்சள் பைக்குள் வைத்து, பையை என் இடத்தில் நிறுத்தினேன். பின்னால் நின்ற பையனிடம், "பிரதர், மை பிளேஸ்" என்றேன், தலையாட்டினான். காதில் மாட்டியிருந்த பாட்டுக்குத்தான் ஆட்டினான் என்பது பிற்பாடு தெரிந்தது. உன் அக்கா மட்டும், "ஏன்னா, பையை அநாதையா விட்டுட்டு வரேளே, இது என்ன நம்ம ரேஷன் கடையா?" என்றாள். "லோகம் பூரா வரிசைன்னா வரிசைதான்டி" என்று சொல்லி, எதிர்ப்புறம் மரத்தடி பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கையோடு தனி டப்பாவில் எடுத்துப்போன தயிர்சாதம் பாதி சாப்பிட்டிருப்போம், ஒரு விசில். போலீஸ்காரர்கள் ஜனங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். யாரோ மந்திரி வருகிறான், எந்த ஊரானால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டினார்கள். நாடாவுக்கு நடுவில் தன்னந்தனியாக என் பை. வரிசையில் இப்போது முதல் இடம் அதற்குத்தான், எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரு மோப்ப நாயைக் கொண்டுவந்தார்கள். பைக்குள் தூக்கோடு மிளகாய்ப்பொடி டப்பாவும் இருந்தது, அதன் மூடி சரியாக மூடாது என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நாய் மூக்கை வைத்தது. ஒரு தும்மல் தும்மியது பார், அத்தனை போலீசும் தரையில் படுத்துவிட்டார்கள். நம் சாமான் நம் கையில் இருக்க வேண்டாமா? கையைத் தூக்கிக்கொண்டு, "தட் இஸ் மை பேக்!" என்று நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். பின்னாலிருந்து உன் அக்கா, "ஐயோ, போகாதேங்கோன்னா!" என்று கத்தினாள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, நான் முன்னமே சொன்ன அந்த அறைக்கு மரியாதையாக அழைத்துக்கொண்டு போனார்கள்.

அதிகாரி ரொம்பத் தன்மையான மனுஷன். பையில் என்ன என்று கேட்டார், "டாமரிண்ட் ரைஸ்" என்றேன். வெளியே கவசம் போட்ட ஆள் ஒருத்தன் தூக்கைத் திறக்கப் பார்த்து முடியவில்லையாம். எப்படி முடியும்? அந்தக் கொக்கியை ஒரு பக்கம் அமுக்கி, மறுபக்கம் இடுப்பால் முட்டுக்கொடுக்க வேண்டும், எனக்கே வராது. கடைசியில் உன் அக்காவைக் கூப்பிட்டு, அவள் திறந்து காட்டினாளாம். உடனே என்னைப் போகலாம் என்றார்கள். அப்படியே வந்துவிட நான் என்ன குற்றவாளியா? உட்கார்ந்து, அவர் காகிதத்தின் பின்பக்கத்திலேயே நம் ரேஷன் கடையைப் படம் போட்டுக் காட்டினேன். இது கடை, இது செங்கல், இது செருப்பு, இது உடைந்த குடை, ஒவ்வொன்றும் ஒரு ஆள், அந்த ஆள் வந்ததும் அது ஒதுங்கும், மாடம்பாக்கம் சரித்திரத்தில் இதுவரை ஒரு செங்கலும் வெடித்ததில்லை என்றேன். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி செங்கல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார், பார், எப்பேர்ப்பட்ட கேள்வி! இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு அவருக்கும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து, கை குலுக்கி, வெளியே வந்தால் கேட்டை மூடிக்கொண்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே சீக்கிரமே மூடிவிடுவார்களாம்.

உன் அக்கா அதே பெஞ்சில், தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அழுதியாடி?" என்றேன். "இல்லைன்னா, காத்து" என்றாள். பிறகு நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அப்படி நடந்து எத்தனையோ வருஷமாயிற்று. விமானத்தில் வழிநெடுக ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தபடி வந்தாள். திட்டியிருந்தால் தயாராகப் பதில் வைத்திருந்தேன். சிரிக்கிறவளை என்ன செய்ய? அவள் ஆயுசில் கேட்ட ஒரே ஒரு விஷயம், வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டு, செங்கல் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேனே என்று இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

ஆகையால் பத்ரி, நன்றாக உட்கார்ந்துகொண்டு இதைப் படி. வருகிற கோடையில் உன் சிநேகிதர் நடத்துகிற பேக்கேஜ் டூரில், முழு டிக்கெட் கொடுத்து, அவளை மேலே கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் நம்பரை அனுப்பு. இதை என் தோல்வி என்று நினைத்துவிடாதே. பயணத்தில் ஒவ்வொரு ஏற்பாடும் கச்சிதமாக நடந்தது, பார்க்கப் போனதைப் பார்க்காதது ஒன்றுதான் பாக்கி. ஷ்யாம்சுந்தரிடம் மட்டும் அந்த ஜெயில் விஷயத்தைத் திருத்திச் சொல்லிவிடு.

மிருதுளாவின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடக்க ஸ்வாமி அனுக்கிரகம் செய்வார், பந்தியில் வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன். நாகலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். உனக்கும், நீ வாயை மூடிக்கொண்டிருக்கும் பட்சத்தில், மனப்பூர்வமான ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
சூர்யநாராயணன்

பின்குறிப்பு: பத்ரி, இது அக்கா. கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு உன் அத்திம்பேர் மாவு மில்லுக்குப் போயிருக்கிறார். நான் மேலே போய்ப் பார்த்துவிட்டேன்டா. தூக்கைத் திறந்து காட்டினதும் அங்கிருந்த பெண் போலீஸ் என் முட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே இவர் படம் போடுகிறதையும் பார்த்தாள். உங்கள் வீட்டுக்காரர் இப்போதைக்கு வரமாட்டார் என்று சொல்லி, கேட் திறந்ததும் முதல் ஆளாக என்னை உள்ளே விட்டாள். மெதுவாக ஏறிப் போய் அந்தக் கோயில் முன்னால் நின்றேன். எத்தனை பெரிசு தெரியுமா! நான் போர்டில் வரைந்தது ஒன்றுமே சரியில்லை, இத்தனை வருஷத்துப் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கணும் போல இருந்தது. அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

இவரிடம் சொன்னால், "பார்த்தியா, இலவசமாவே முடிஞ்சுடுத்து" என்று குதிப்பார், அப்புறம் ஜன்மத்துக்கும் ஏதென்ஸ் கிடையாது. இவரோ அதைப் பார்க்கவே இல்லை, பாவம். மேலே நின்றபோது என்னையறியாமல், "ஏன்னா, இங்க பாருங்கோ!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். திரும்பினால் பக்கத்தில் யாரோ ஒரு ஜப்பான்காரர். அவர் மரியாதையாகப் பார்த்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. டூருக்கு இவர் பணம் கட்டி முடிக்கிற வரைக்கும் நீ மூச்சு விடாதே. இந்தத் தடவை இவரை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.