கெடாவெட்டுக்குப் போக ஒரு நூடுல்ஸ் சாலட்

அந்த ஞாயிற்றுக்கிழமை கறி தின்றே தீருவது என்று முடிவு செய்தேன். சும்மா கறி இல்லை, கெடாவெட்டுக் கறி. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு புளியந்தோப்பு. அண்டா அண்டாவாகக் குழம்பு. தலைவாழை இலை. இடுப்பில் மகன் இல்லை, தோளில் மகனின் பை இல்லை. கடைசி இரண்டும்தான் முக்கியம்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு எட்டு மாதம். அவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போவதென்றாலும் என் மனைவி கனகலட்சுமி ஒரு பை கட்டுவாள். வெந்நீர் பிளாஸ்க். காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர். அந்தத் தெர்மாமீட்டர் பொய் சொன்னால் பார்க்க இன்னொரு தெர்மாமீட்டர். துண்டு, மாற்றுத் துண்டு, வாந்தி மருந்து, வயிற்று மருந்து. பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்குப் பயம். தூங்குகிறவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வேகமாக வந்தால் ஏன் வேகம் என்பாள். மெதுவாக வந்தால் ஏன் மெதுவு என்பாள். தடுப்பூசிக்குப் போனதைத் தவிர, நாங்கள் குடியிருக்கும் விளாங்குடியை அவள் தாண்டியதே இல்லை.

இதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. எங்கேயும் கூட்டிப்போக வேண்டியதில்லை. "அங்க கூட்டமா இருக்குமே கனகா" என்று கவலையோடு இழுத்தால் போதும். அவளே வேண்டாம் என்றுவிடுவாள். அந்தப் பயத்துக்கு நான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அது நன்றாகத் தழைத்தது.

அழகுபாண்டி என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவன் மகளுக்குக் காதுகுத்து, குலசாமி கோயிலில் கெடாவெட்டு. டீக்கடையில் வைத்துச் சொன்னான்: "மாப்ள, குடும்பத்தோட வந்துரு." அதில் 'வந்துரு'வை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். 'குடும்பத்தோட'வை டீக்கடையிலேயே கிளாசுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டேன்.

கூட்டம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். கூடுதல் பாதுகாப்புக்கு ஒரு பூட்டைப் போட்டேன். எங்கள் பக்கம் சில கோயில்கள் உண்டு. ஆண்களே சமைப்பார்கள், ஆண்களே தின்பார்கள். எறிந்த இலை காய்ந்த பிறகுதான் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அழகுபாண்டியின் குலசாமியை ஒரு நிமிடத்தில் அந்த வகைச் சாமியாக மாற்றிவிட்டேன். காதுகுத்தை அடியோடு மறைத்தேன்.

"ஆம்பளைக மட்டுந்தான் போகணுமாம்" என்றேன்.

"அப்ப மீனா?" என்றாள். மீனா அழகுபாண்டியின் மனைவி.

"அவ வீட்லதான் இருப்பா. பொம்பளை நிழலே விழுகக் கூடாதுல்ல."

"பாவம்."

"என்ன செய்ய, மீனாவுக்கும் வருத்தந்தான்."

"நான் கெடாயைச் சொன்னேன்" என்றாள்.

கனகா கான்வென்ட்டில் படித்தவள். அங்கே சிஸ்டர்கள் குரலை உயர்த்தாமலே ஒரு வகுப்பையே நடுங்க வைப்பார்களாம். மற்றப் பாடங்களில் எப்படியோ, அதில் இவள் முதல் மார்க். கத்துகிற மனைவியிடம் ஒருவன் பிழைத்துக்கொள்ளலாம். "சரிங்க" என்கிற மனைவியிடம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அன்று அவள் "சரிங்க" என்றாள். நான் யோசிக்கவில்லை. கறியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அவள் மெல்ல ஞாபகப்படுத்தினாள். அதே ஞாயிறு மத்தியானம் எங்கள் குடியிருப்பில் பாட்லக். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து கீழே ஹாலுக்குக் கொண்டுவர வேண்டும், எல்லாரும் எல்லாவற்றையும் தின்ன வேண்டும். எங்கள் சங்கச் செயலாளர் மொக்கைச்சாமி அதைக் கூட்டாஞ்சோறு என்பார். அவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். விசிலை மட்டும் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்கவில்லை. சைவம் மட்டும் என்பது அவர் போட்ட விதி. கடையில் வாங்கி வரக் கூடாது என்பது இன்னொரு விதி, அதற்குக் காரணம் நாங்கள். போன தடவை நான் பாக்கெட் அப்பளத்தோடு போய் நின்றேன். யார் வீட்டில் என்ன கொண்டுவந்தார்கள் என்று அவர் மைக்கில் வாசித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கைதட்டல். எங்களுக்கு விசில்.

"பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய? நீங்களே ஒண்ணு செஞ்சு வச்சுட்டுக் கெடாவெட்டுக்குப் போங்க. யாரு வேணாங்கிறா?" என்றாள்.

போனில் ஒரு வீடியோவும் தேடிக் கொடுத்தாள். முறுமுறு நூடுல்ஸ் சாலட். அடுப்பே வேண்டாம். கோஸ், கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள் எல்லாம் நறுக்க வேண்டியது. இன்ஸ்டன்ட் நூடுல்ஸைப் பாக்கெட்டோடு கையால் நொறுக்க வேண்டியது. வறுத்த கடலை, எள். எலுமிச்சை, சீனி, சோயா சாஸ், எண்ணெய் கலந்து ஒரு சாறு. எல்லாவற்றையும் சேர்த்துக் கிண்டினால் முடிந்தது.

நூடுல்ஸைப் பச்சையாகவா தின்பது என்று கேட்டேன். அது பாக்கெட்டில் வரும்போதே வெந்து பொரிந்துதான் வருகிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். நூடுல்ஸை நொறுக்குகிற சுகம் இருக்கிறதே, ஆபீசில் மேனேஜர் பேசும்போது கையில் ஒரு பாக்கெட் இருந்தால் ரத்த அழுத்தமே வராது. கலந்தேன். ஒரு வாய் போட்டேன். மண்டைக்குள் சரளைக் கல் லாரி கொட்டிய மாதிரி ஒரு சத்தம். ஆஹா, நமக்குள் ஒரு நளன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான் என்று பூரித்துப் போனேன். கனகாவும் தின்று பார்த்து, பிரமாதம் என்றாள்.

குளித்துவிட்டு வந்து இன்னொரு வாய் போட்டேன். சத்தமே இல்லை. சாலட், காலையில் வைத்த சேமியா உப்புமா மாதிரி கிடந்தது. கரண்டியைத் தூக்கினால் சட்டியும் கூட வந்தது.

"கனகா, இது செத்துப் போச்சு."

"அது அப்படித்தாங்க. கலந்த உடனே தின்றணும். தட்டுக்கு முன்னால நின்னு, கொஞ்சங் கொஞ்சமா கலந்து கலந்து போடணும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"வீடியோவுல கடைசியில சொன்னாங்களே. நீங்க பாதியிலேயே நிறுத்திட்டீங்க."

நான் நிறுத்துவேன் என்பது அவளுக்குத் தெரியும். நான் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாண வீடியோவைக்கூட.

அப்படியானால் நீயே கலந்து போடு என்றேன். ஒரு கையில் பிள்ளை, மறு கை பிள்ளையின் கை எதையும் தொடாமல் பிடித்துக்கொள்ள, மூன்றாவது கை இருந்தால் கலக்குகிறேன் என்றாள். நியாயம்தான். எதிர்வீட்டு நாகூர் கனி பாயிடம் ஓடினேன். கோரிப்பாளையத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். தெரியாது என்ற சொல்லே அவர் வாயில் வராது. கலக்கத்தானே தம்பி, நான் பார்த்துக்கறேன், நீங்க நிம்மதியாப் போய்ச் சாப்பிட்டு வாங்க என்றார். அந்த இரவு நான் கெடா கனவோடு தூங்கினேன். கனவில் அது என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்போதாவது உஷாராகியிருக்கலாம்.

காலையில் காய்களை நறுக்கி ஒரு சட்டி, நொறுக்கிய நூடுல்ஸ் ஒரு சட்டி, சாறு ஒரு பாட்டில் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தேன். வெள்ளை வேட்டி கட்டினேன். பைக் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினால் கூடத்தில் கனகா நின்றாள்.

பட்டுப்புடவை. தலை நிறைய மல்லிகை. இடுப்பில் மகன், புதுச் சட்டை, காதில் பஞ்சு. தோளில் அந்தப் பை.

"கீழ ஹாலுக்கா இம்புட்டு அலங்காரம்?" என்றேன்.

"இல்லைங்க. காதுகுத்துக்கு."

என் காதிலும் பஞ்சு இருந்திருக்கலாம்.

"யாருக்குக் காதுகுத்து?"

"அழகுபாண்டி அண்ணன் மகளுக்குத்தான். உங்களுக்கு டீக்கடையில சொன்ன அன்னைக்கே மீனா எனக்கு போன் போட்டுட்டா. கீழ வேன் நிக்குது."

ஒரு மனிதன் பொய்யோடு பிடிபட்டால் கௌரவமாக ஒத்துக்கொள்ள வேண்டும். நான் பொய்யை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். "அது ஆம்பளைக மட்டும் போற கோயிலு கனகா."

"பொம்பளைப் பிள்ளை காதை ஆம்பளைக மட்டும் போயி குத்திட்டு வருவீங்களோ?"

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். கூட்டம், புழுதி, ரேடியோ செட்டுச் சத்தம், நாற்பது பேர் கை மாற்றி மாற்றிப் பிள்ளையைத் தூக்குவார்கள், முத்தம் கொடுப்பார்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் வெளுத்தது. பைக்குள் கைவிட்டு இரண்டு தெர்மாமீட்டரும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தாள். பயம் அப்படியேதான் இருந்தது. பயத்தையும் பையோடு சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டுதான் புறப்பட்டிருந்தாள்.

"எட்டு மாசமா இந்தச் சுவத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ங்க" என்றாள். குரல் உயரவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் வேற எதையாச்சும் பாத்துட்டு வாரேன்."

நானும் வாரேன் என்றேன். அதை முழு மனதோடுதான் சொன்னேன், பாதி மனது கறிக்கு என்றாலும்.

"சாலட்டு?"

"பாய் கலக்குவாரு."

"கேட்டுப் பாருங்க."

கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு வாசலில் பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. பொம்பளைக வாட்சப் குரூப்புல உங்க வீட்டம்மா நேத்தே போட்டுட்டாங்க. உங்க கையால, எல்லார் கண்ணு முன்னாலயும் கலந்து தருவீங்களாம். எங்க வீட்ல என்னைய அந்த மேஜை பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க."

கல்யாண வீடுகளில் தோசைக்கு ஒரு மேஜை, ஜிலேபிக்கு ஒரு மேஜை போட்டு, சுடச்சுடப் போடுவார்களே, அந்த மாதிரி எனக்கு ஒரு மேஜை. அதற்குள் கனகா வேனுக்கு இறங்கிவிட்டாள்; நானும் பின்னாலேயே கீழே ஓடிப் பார்த்தேன். படியடியில் மொக்கைச்சாமி நின்றார். விசில் அடித்தார். என் முழங்கையைப் பிடித்து மேஜைக்குப் பின்னால் நிறுத்தி, என் வேட்டிக்கு மேல் ஒரு ஏப்ரனைக் கட்டினார். போன தடவை அப்பளத்துக்கு இப்பவாவது பரிகாரம் செய்றீங்களே முத்துக்குமரன் என்று மைக்கில் சொன்னார். மேஜை போட முன்கூட்டியே வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் வேன் கிளம்பியது. ஜன்னல் வழியாக மகன் எனக்கு டாட்டா காட்டினான். அவனுக்கு டாட்டா காட்டத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேலே இருந்து சட்டிகளை இறக்கி வந்து, மத்தியானம் ஆள் வர வரக் கலந்தேன். ஒரு தட்டுக்கு ஒரு பிடி நூடுல்ஸ், ஒரு குத்து காய், ஒரு கரண்டி சாறு. சாலட் சக்கைப் போடு போட்டது. ஹால் முழுக்க நறநற என்று சத்தம், எலிகள் மாநாடு மாதிரி. பெண்கள் இரண்டாம் தடவையும் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் சாலட்டை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற தன் புருஷனைப் பார்த்தாள். அந்தப் புருஷன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைகளில் அன்பு இல்லை. அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்கு ஓர் ஆண் மேஜை என்று மொக்கைச்சாமி அறிவித்தபோது, அந்தத் தங்கமான பாய்கூட என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

கூட்டம் கலைய மணி மூன்று. கை சோயா சாஸில் ஊறிப்போயிருந்தது. வயிற்றில் கோஸ். பொறுக்க முடியாமல் அழகுபாண்டிக்கு போன் போட்டேன். பின்னணியில் சிரிப்புச் சத்தம், அதில் கனகாவின் சிரிப்பும் கேட்டது. அதைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று ஒரு நிமிடம் கறியை மறந்தேன். உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"மாப்ள, வர முடியாமப் போச்சுடா. கோவிச்சுக்காத."

"சே சே. தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிருச்சு. ஊரே உன்னையத்தான்டா பேசுது. பெரிய மனசு."

எதற்குப் பெரிய மனசு என்று புரியவில்லை. இருந்தாலும் பாராட்டு வரும்போது தடுக்கக் கூடாது. அடக்கமாக இருந்துவிட்டு, "தூக்குவாளியில ரெண்டு துண்டு கறி குடுத்துவிடுடா, ஈரலா இருந்தாலும் சரி" என்றேன்.

அழகுபாண்டி பதறினான்.

"மாப்ள, நான் குடுத்துவிட்டுச் சாமி குத்தத்துக்கு ஆளாகவா? பயலுக்கு ஒண்ணும் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நீ கறியை விட்டுட்டேன்னு தங்கச்சி சாமி முன்னாடி நின்னு சொல்லுச்சு. பூசாரி உன் பேருக்குத் துண்ணூறு மடிச்சுக் குடுத்திருக்காரு. மொத்தச் சனமும் கையெடுத்துக் கும்பிட்டுச்சுடா."

மறுத்தால், மகன் பேரில் செய்த வேண்டுதலே பொய் என்றாகிவிடும். ஒத்துக்கொண்டால் எனக்கு இனிக் கறி இல்லை. எச்சிலை விழுங்கினேன். அதில் எள் இருந்தது.

"எம்புட்டு நாளைக்குன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"பயலுக்குக் கல்யாணம் முடியுற வரைக்குமாம்ல."

பயலுக்கு இப்போதுதான் இரண்டு பல் முளைத்திருக்கிறது.