மீசைக்காரர் மீசை எடுத்த கதை

அவர் கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறவர். ஆனால் ஊருக்கே அவர் மீசைக்காரர்தான். கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. 'மீசைக்காரர் கடை' என்று உறைமேல் எழுதிப் போட்டால் தபால்கூட ஒழுங்காக வந்து சேரும். அப்பேர்ப்பட்ட மீசை!

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

"குத்துதுங்க. எடுத்துடுங்களேன்."

"உயிரைக் கேளு, தர்றேன். மீசை போனா நான் யாருடி?"

பதினெட்டு வருஷம் கெஞ்சினாள், கோபித்தாள், ஒரு வாரம் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். மனுஷன் மசியவில்லை.

அப்புறம்தான் எதிரே இருந்த மருந்துக்கடைக்கு அந்தப் பெண் வேலைக்கு வந்தாள்.

"சார், கட்டம் போட்ட சட்டையை விட உங்களுக்கு வெள்ளைதான் எடுப்பு" என்றாள். மறுநாளே வெள்ளையும் சொள்ளையுமாக வந்து உட்கார்ந்தார். "மூக்குப்பொடின்னா எனக்கு ஆகாது சார்" என்றாள். டப்பி அன்றைக்கே குப்பைக்குப் போனது. இல்லாத இருமலுக்குத் தினம் இருமல் மிட்டாய் வாங்கினார். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டினால் எதிர்க்கடை தெரியாதே என்று அதைக் கழற்றியே வைத்திருந்தார். கடிகாரங்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன.

போன வெள்ளிக்கிழமை அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். மீசை இல்லாட்டி உங்களுக்குப் பத்து வயசு குறையும்."

"பத்தா?"

"பன்னிரண்டுகூடக் குறையலாம்."

சலூன்காரர் மூன்று தடவை கேட்டார், "நிஜமாவாண்ணே?" கத்தி பட்டதும் இவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், முப்பது வருஷ மீசை!

திரும்பி வந்தால் கடை வாசலில் ஒருவர் காத்திருந்தார்.

"தம்பி, மீசைக்காரர் இல்லையா?"

தம்பி! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "இப்ப வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தே எடுத்துட்டாரா? அடி என் தங்கமே! சட்டை, பொடி, மீசை, மூணும் முடிஞ்சுது. அடுத்தது பாத்திரம். நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

திரும்பினாள். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவளும் நீயும்..."

"மாத்திரை வாங்கப் போனப்ப பழக்கம். நல்ல பொண்ணுங்க." கிட்டே வந்து, மழமழவென்றிருந்த மேலுதட்டை ஆசையாகத் தடவிப் பார்த்தாள். "நான் பதினெட்டு வருஷம் கேட்டேன். அவ ஒரு தடவைதான் கேட்டா."

அவருக்குச் சுருக்கென்றது. "இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். இது சத்தியம்!"

மறுநாள் காலை எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது.

"சார், பாத்திரம் கழுவற ஆம்பளைங்கன்னா எனக்குத் தனி மரியாதை!"

எல்லாம் தெரிந்த மனுஷன், காதில் விழாத மாதிரி குனிந்துகொண்டார்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனவர், மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இந்த சோப்பு வாசனை காலை வரைக்கும் கையில நிக்குமா?"