கிடை என்பது க்ரீடையே

உலகத்தில் ஆடு மேய்ப்பவர்கள் கோடிப்பேர் இருக்கலாம். ஆனால் ஓர் ஆட்டையும் தொடாமல், அதன் வாடையைக்கூட மூக்கில் ஏற்றாமல், மந்தையின் சாஸ்திரம் முழுவதையும் கரைத்துக் குடித்த மகான் ஒருவர்தான். அவர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எழுந்தருளியிருந்த ஸ்ரீமான் சடகோபாசாரியார்.

அவர் நிறுவிய 'கிராமியச் சொற்பிறப்பு ஆராய்ச்சி சபை'க்கு அங்கத்தினர் இருவர். ஆசாரியார் அக்கிராசனர். அடுத்த வீட்டுச் சக்ரபாணி காரியதரிசி. அபிப்பிராய பேதம் வந்தால் ஓட்டெடுப்பு உண்டு. அக்கிராசனருக்கு இரண்டு ஓட்டு. ஆகவே சபையில் இதுவரை ஒரு தீர்மானமும் தோற்றதில்லை.

ஆடுகளை எருவுக்காக வயலில் அடைத்து வைப்பதைக் 'கிடை' என்கிறார்கள். ஆடு கிடப்பதால் கிடை என்று பாமர ஜனங்கள் நம்பி வந்தார்கள். பாவம், அவர்களுக்கு இன்ஸ்பெக்டர் இல்லை. ஆடுகள் அந்தி வேளையில் துள்ளி விளையாடுவதால் 'க்ரீடை' என்ற வடசொல்லே தேய்ந்து கிடையாயிற்று என்று ஆசாரியார் நிரூபித்தார். ஆடு எத்தனை முறை குட்டி போட்டது என்பதைக் கோனார்கள் 'ஈத்து' என்று கணக்கிடுவார்கள். அது காரணம் எனப் பொருள்படும் 'ஹேது' என்று ஒரே அமர்வில் முடிவாயிற்று. ஆடுகளிடம் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

சபையின் பெருமைக்கெல்லாம் சிகரம் அதன் ஏழாவது விதி. 'சொல் வழங்குவோன் பேசுங்கால் அங்கத்தினர் எவரும் விடை பகரலாகாது. பகர்ந்தால் படித்தோர் பேச்சு ஒட்டிக்கொண்டு பாமரச் சொல்லின் தூய்மை கெடும்.' சொல் வழங்குவோன் என்பது பெரும்பாலும் ஆசாரியாரிடம் கைகட்டி நிற்க வேண்டிய எவனாவது ஒருவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷம் ஆடி மாதம் அப்படி நின்றவன் வீரமலைக் கோன். கொள்ளிடத்துப் படுகையில், ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே ஆசாரியாருக்கு நிலம் உண்டு. அதில் வீரமலையின் நூற்றுநாற்பது ஆடுகள் பத்து நாள் கிடைக்கு வந்திருந்தன. கிடை போட்டவன் நிலத்துக்காரர் வாய் திறந்து சொல்லாமல் கிடையைப் பெயர்க்கக் கூடாது என்பது வழக்கம். அதோடு, ஆடுகளைப் படுகையிலிருந்து மேட்டுக்கு ஏற்ற ஒரே வழி ஆசாரியாரின் மாந்தோப்பு. தோப்புக்கு மதில் உண்டு, மதிலில் இரும்புக் கதவு உண்டு, கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி ஆசாரியாரின் இடுப்பில் இருந்தது.

ஆறாம் நாள் பிற்பகல் சபையின் விசேஷக் கூட்டம் கொல்லைத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தபோது வீரமலை தோப்பு மதிலேறிக் குதித்து, கொல்லைக் கதவு வழியாக ஓடி வந்து நின்றான். மூச்சு வாங்கியது. ஆசாரியாருக்கு ரோமாஞ்சனம் உண்டாயிற்று. கூப்பிட்டனுப்பாமலே ஒரு சொல் வழங்குவோன் தானாக வந்து வாய்ப்பது எத்தனை ஜன்மத்துப் புண்ணியம்! சக்ரபாணியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சக்ரபாணி பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டார்.

"சாமி, ஆத்துல செத்தையும் நொரையுமா வருதுங்க" என்றான் வீரமலை. "ரெண்டு பக்கத்து வாய்க்காலும் ரொம்பிப் போச்சு. ஆடு ஒண்ணுகூடப் படுக்க மாட்டேங்குது. தோப்புச் சாவியக் குடுத்தீங்கன்னா கரை ஏத்திப்புடுவேனுங்க."

ஒருவரும் பதில் பேசவில்லை. விதி விதிதான். வீரமலை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தான் சொன்னது காதில் விழவில்லை போலும் என்று மறுபடி சொன்னான். சக்ரபாணி அதையும் எழுதி, 'இரண்டாம் பாடம்' என்று தலைப்பிட்டார்.

"குட்டியெல்லாம் கூடாப்புல கெடக்குதுங்க. எம் பொஞ்சாதி மாரியாயி ஒருத்திதான் காவலுக்கு நிக்கிறா. குட்டிக நீந்தாது சாமி."

ஆசாரியார் ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டார். கூடாப்பு! குட்டிகளை அடைக்கும் ஓலைக் கூண்டுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது நிகண்டு எதிலும் இல்லை. அவர் கையைச் சுழற்றி, இன்னொரு முறை சொல் என்று ஜாடை காட்டினார். வீரமலை சொன்னான். குரல் உடைந்தது. 'உணர்ச்சி மிகுதியில் ககரம் தழுதழுக்கிறது' என்று சக்ரபாணி குறித்துக்கொண்டார். அவருக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்தது. அது மெதுவாகப் பேசும் ஜாதி.

"ஸ்வாமி, இவன் ஏதோ சாவி கேக்கறாப்போல இருக்கே" என்று அக்கிராசனரின் காதருகே சொன்னார்.

"அர்த்தத்தைப் பாக்காதேயும் ஓய். சப்தத்தைப் பிடியும்."

பிறகு கூடாப்பின் பூர்வோத்தரம் ஆராயப்பட்டது. 'கூட' என்றால் மறைவு. 'ஆப்தம்' என்றால் நெருங்கியது. இல்லை, கிணறு என்னும் 'கூப'மாக இருக்கலாம் என்று சக்ரபாணி ஆட்சேபித்தார். ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று.

ஆசாரியாரின் தர்மபத்தினி குமுதவல்லி காபியோடு வந்தாள். கொல்லையில் நின்றவனைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அவன் கேக்கறதைக் குடுத்து அனுப்பிடுங்கோளேன்" என்றாள்.

சொற்பிறப்பு சமையற்கட்டு விவகாரமல்ல என்று அவளுக்கு உணர்த்தப்பட்டது. அவள் உள்ளே போகவில்லை, அங்கேயே நின்றாள். அதனால் கூட்டம் சற்றுச் சீக்கிரமே, அதாவது ஒன்றரை மணி நேரத்தில், மங்களமாய் முடிந்தது. விதியின் தளை நீங்கியதும் ஆசாரியார் தாராள மனத்தோடு சாவியை எடுத்து, கைபடாமல் தரையில் போட்டு, "இவ்வளவுதானே? வந்ததுமே கேட்டிருக்கலாமே" என்றார்.

வீரமலை ஓடினான். தோப்புப் பூட்டைத் திறந்து கதவை இழுத்தான். திறந்த கதவு வழியே தண்ணீர்தான் உள்ளே வந்தது. ஆடுகள் மதிலை முட்டிக்கொண்டு கடைசிவரை நின்றிருக்க வேண்டும். சிலவற்றின் உடல்கள் அங்கேயே சுழன்றன. மாரியாயி இலுப்பை மரத்தில் ஏறியிருந்தாள். மடியில் ஒரு குட்டி இருந்தது. அதுவும் பொழுது சாய்வதற்குள் செத்துப்போயிற்று.

வெள்ளத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. சபை பேசவில்லை; அது அச்சு வேலையில் மூழ்கியிருந்தது. சபை தொகுத்த ஆயர் சொல் நிகண்டு அச்சேறும் சமயத்தில் ஒரே ஒரு சங்கடம். ஒவ்வொரு சொல்லும் இன்னும் வழங்குகிறதா என்று உயிரோடிருக்கும் ஒருவன் வாயால் ஊர்ஜிதம் செய்ய வேண்டும். சக்ரபாணி தேடிக்கொண்டு போனார். கொள்ளிடக் கரையில் உடைப்பு அடைக்க மண் சுமந்துகொண்டிருந்தான் வீரமலை. கிடை, ஈத்து, கூடாப்பு என்று ஒவ்வொன்றாய் வாசித்து, இதெல்லாம் இப்போதும் சொல்வதுண்டா என்று அவர் கேட்டார்.

வீரமலை கூடையைக் கீழே வைக்கவில்லை. "ஆடு இருந்தப்போ சொன்னதுங்க. இப்ப எதப் பாத்துச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

செய்தி கேட்ட ஆசாரியார் கண் கலங்கினார். தம் கையாலேயே மூன்று சொற்களுக்கும் எதிரே 'வழக்கொழிந்தது' என்று எழுதினார். திருச்சினாப்பள்ளியில் நடந்த அரங்கேற்றத்தில், அழிந்துபோன ஆயர் மொழியைக் கடைசி நேரத்தில் மீட்ட வள்ளல் என்று அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் பணிவோடு ஏற்றுக்கொண்டார். தகுதியான சால்வைதான். செத்த சொல்லுக்குக் கருமாதி செய்த பண்டிதர்கள் எத்தனையோ பேர். கருமாதிக்கு வேண்டுமென்று சொல்லை உயிரோடு பிடித்து வந்து கொன்றவர் இவர் ஒருவர்தானே.