ஒரு தடவைகூடச் சிக்காத துப்பாக்கி

இருநூறு. இந்த எண்ணை மறக்காதீர்கள். புதுக் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகும் முன் இருநூறு தோட்டாவை, ஒன்றுகூட உள்ளே மாட்டிச் சிக்காமல், சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஒஹாயோ பக்கத்து வழக்கம். வழக்கத்தில் தப்பில்லை. எண்ணுகிற ஆளில்தான் கோளாறு.

அந்த ஆளுக்குச் சிக்காதவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். மலிவாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு துப்பாக்கி வாங்கியிருப்பார், அதன் பெருமையைச் சர்ச் வாசலிலும், முடிவெட்டும் கடையிலும், மான் வேட்டைக்குப் போகிற வண்டியிலும், கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் பேசி, மூன்று மடங்கு விலை கொடுத்தவனெல்லாம் ஏமாந்த சோணகிரி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, கடைசியில் முத்திரை குத்துவார்: "ஒரு தடவகூட சிக்கினதில்ல." எத்தனை தடவை சுட்டார்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

டயர் ஆலையில் என்னோடு வேலை பார்த்த டெல்பர்ட் இந்த இனத்தில் அசல் சரக்கு. அவர் மனைவி ரோண்டா, நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க்கைத் தினமும் காலை ஐந்து மணிக்குத் தனியாகத் திறக்கிறவள். போன மாதம் ஒருவன் பின்கதவு வரை அவள் பின்னாலேயே வந்துவிட்டான். லாரி ஒன்று உள்ளே திரும்பியதால் நழுவிப் போனான். மறுநாளே டெல்பர்ட் அவளுக்கு அந்தக் குட்டித் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அழுத்தினால் வெடிக்குமா? பதில் உங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை அவளைச் சுடும் திடலுக்குக் கூட்டி வந்தார். பக்கத்து மேசையில் நான். மூன்றாவது தோட்டாவே சிக்கியது. புதுசு, கொஞ்சம் பழகணும், இது கணக்கில் வராது என்றார். அடுத்தது சிக்கியபோது தோட்டா மட்டமாம். அதற்கடுத்தது அவள் மணிக்கட்டைத் தளர விட்டாளாம். பிறகு எண்ணெய் கூடிப்போனதாம். அப்புறம் அதே எண்ணெய் குறைந்துபோனதாம். ஒவ்வொரு சமாதானத்துக்கும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ரோண்டா ஒவ்வொரு தடவையும் சிக்கிய தோட்டாவை வெளியே எடுத்து, காலியான காப்பிக் கோப்பையில் போட்டாள். டொக். அவ்வளவுதான்.

நூறு தோட்டா தீர்ந்தது. டெல்பர்ட் காதுமூடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "பாத்தல்ல? ஒரு தடவகூட சிக்கினதில்ல."

ரோண்டா கோப்பையை மேசையில் கவிழ்த்தாள்.

"அப்ப இதெல்லாம் என்ன டெல், மிட்டாயா?"

"கண்ணு, அது தோட்டா சிக்கினது. துப்பாக்கி சிக்கல."

"சரி. பின்கதவுகிட்ட வர்றவன்ட்ட அப்படியே சொல்றேன். பெரிய மனசு பண்ணி நிப்பான்." குட்டித் துப்பாக்கியை அவர் பக்கம் தள்ளினாள். "இத நீ வச்சுக்க. உன் இடுப்புல இருக்கறத எனக்குக் குடு."

டெல்பர்ட்டின் கை, அவரைக் கேட்காமலே, தன் ஜாக்கெட்டுக்கு அடியில் இருந்த பழைய துப்பாக்கியைப் பொத்திக்கொண்டது. மூன்று மடங்கு விலைச் சரக்கு. அந்தக் கையை நான் பார்த்தேன், ரோண்டா பார்த்தாள், கொஞ்ச நேரம் கழித்து டெல்பர்ட்டும் பார்த்தார். உறையோடு கழற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை பங்க்கைத் திறக்கப் போனவள் இடுப்பில் அதுதான் இருந்தது.

சிரிக்கிறீர்களா? உங்கள் ஸ்கூட்டர் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை என்று போன வாரம் சொன்னது யார்? மழையில் நின்றது கணக்கில் வராது. மச்சான் ஓட்டியபோது நின்றதும் வராது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்த அன்றைக்கு நின்றதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அப்படித்தானே? எதற்கும் ஒரு காலிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோண்டாவின் கோப்பையில் அன்று பதினொன்று.