எக்ஸ்பீரியன்ஸ் அக்காவும் இருநூறு மணி நேரமும்

கோயமுத்தூரில் தொழிலுக்குப் புதிதாக வந்த எவரும் எக்ஸ்பீரியன்ஸ் அக்காவிடமிருந்து தப்பியதில்லை. ஆட்டோக்காரர், பல் டாக்டர், பரோட்டா மாஸ்டர், கோயில் பூசாரி என்று யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. பீளமேட்டில் எங்கள் பம்ப்செட் கம்பெனியில் அவர் அக்கவுண்ட்ஸ், நான் டெஸ்பாட்ச். அவருடைய சொந்தப் பெயர் ஐ.டி. கார்டைத் தவிர வேறெங்கும் புழங்கியதாக எனக்கு நினைவில்லை.

ஆட்டோவில் ஏறுமுன், எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்பார். பதில் திருப்தியாக இல்லையென்றால் மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஆட்டோவுக்குப் போய்விடுவார். கேன்டீனுக்குப் புது மாஸ்டர் வந்தால் அக்காவுக்கு ஒரு மாதம் வீட்டுச் சாப்பாடு. முதலில் மற்றவர்கள் சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்பது அவர் கொள்கை. அந்த மற்றவர்கள் நாங்கள்தான்.

என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது பெண் யார், எந்த ஊர் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. சமையல்காரர் இதுவரை எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறார் என்று கேட்டார். மாப்பிள்ளைக்கும் இதுதான் முதல் கல்யாணம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது பரவால்லீங்க தம்பி. சாம்பாரை அப்புடி உட முடியாதுங்க" என்றார்.

பல் டாக்டர் கதைதான் எல்லாவற்றிலும் பெரியது. அவிநாசி ரோட்டில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த இளம் டாக்டர் அவர். ஊசி போட்டு, பஞ்சை வைத்து, குறடைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நிலையிலும் அக்கா பஞ்சுக்கு நடுவிலிருந்து, இதுவரை எத்தனை பல் பிடுங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பயத்தைப் போக்க நினைத்த டாக்டர், "இந்தக் கிளினிக்ல உங்க பல்லுதாங்க போணி" என்று சிரித்திருக்கிறார். அக்கா எழுந்தார். கழுத்தில் கட்டிய துண்டோடு பஸ் ஏறி நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். மரத்துப்போன வாயோடு அன்று ஒரு சப்ளையருக்குப் போன் வேறு செய்தார். என்ன சொல்கிறார் என்று புரியாமல் மிரண்டுபோன அந்த மனிதர், பல நாளாக இழுத்தடித்த சரக்கை அன்றைக்கே லாரியில் ஏற்றிவிட்டார்.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் விமானம் ஓட்டப் படித்தாள்.

லைசென்ஸ் வாங்க இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வடக்கே எங்கோ ஒரு பயிற்சிப் பள்ளியில் சின்ன விமானத்தில் அதைப் பறந்து முடித்து, சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் சிக்கல். ஒரு கம்பெனி பெரிய விமானம் ஓட்டிய அனுபவம் கேட்டது. இன்னொன்று இந்த இருநூறெல்லாம் போதாது என்றது. மற்றவை பதிலே போடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் வீட்டிலேயே இருந்தாள். எப்போது பறக்கப் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பதற்குப் பயந்து விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபடியே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏற்கெனவே ஓட்டுனவங்களுக்குத்தான் பிளேன் குடுப்பாங்களாமா. பிளேனே குடுக்காட்டி புள்ள எங்க போயி ஓட்டுமுங்க? எங்க ஊட்டு மொட்டமாடியிலயா?"

சிரிக்க வேண்டிய இடம்தான். எங்களில் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் அக்கா தலைகீழாக மாறிப்போனார். தொழிலுக்குப் புதியவர்களாகத் தேடித் தேடிப் போக ஆரம்பித்தார். அப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய ஆட்டோக்காரரிடம் காந்திபுரம் போகச் சொல்லி, ஊருக்கு வெளியே சூலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். பியூட்டி பார்லரில் கத்தரிக்கோல் பிடித்துப் பழகும் பெண்ணிடம் தலையைக் கொடுத்தார். அதன் விளைவை ஒரு மாதம் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பல் டாக்டரிடமே திரும்பப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு வந்து, பையன் கெட்டிக்காரன், கொஞ்சம் நேரமாகிறது, அவ்வளவுதான் என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஒரு நாள் அவர் போட்டிருந்த பிளவுஸில் ஒரு கை முழங்கை வரைக்கும், இன்னொரு கை அதற்கு நாலு விரல் மேலேயும் நின்றது. இதைப் போய் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க தம்பி. தெச்ச புள்ளைக்குக் கணக்குல ஒரு பிளவுஸ் ஏறிப்போச்சில்லீங்க" என்றார்.

கடைசியில் ஒரு கம்பெனி கதவைத் திறந்தது. மகள் பரீட்சை எழுதி, பெரிய விமானத்துக்கான பயிற்சியும் முடித்து, துணை விமானி ஆனாள். கோவையிலிருந்து சென்னைக்கு அவள் ஓட்டும் நாள் வந்ததும் அக்கா டிக்கெட் போட்டார். அவர் கணவர் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரி. குடும்பத்தில் ஒருவராவது தரையில் இருக்க வேண்டும் என்று அவர் ரயிலில் கிளம்பிவிட்டார். எனக்குச் சென்னையில் கம்பெனி வேலை இருந்ததால் துணைக்கு நான் போனேன்.

அறிவிப்பில் மகளின் குரல் கேட்டது. அக்காவின் அந்தப் பக்கம் இருந்த திருப்பூர்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, பொம்பளப் புள்ளையா ஓட்டுது? கொரலைக் கேட்டா ரொம்பப் புதுசாட்ட இருக்குதுங்க."

இது என் மகள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "புதுசுதானுங்க. பக்கத்துல கேப்டன் பெரியவர் இருக்காருங்க. நம்ம உக்காந்து குடுத்தாத்தானுங்க அவங்களும் பழகுவாங்க" என்றார்.

திருப்பூர்க்காரர் விடவில்லை. நீங்கள் அடிக்கடி விமானத்தில் போவீர்களா என்று கேட்டார்.

"இதுதானுங்க மொதல் தடவை. எனக்கும் எக்ஸ்பீரியன்ஸ் இல்லீங்க."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தவர் சென்னைவரை விடவேயில்லை. என் மோதிரம் அடுத்த விரலில் பதிந்துபோனது.

விமானம் தரையிறங்கியதும், எல்லாரும் போகட்டும் என்று உள்ளேயே காத்திருந்தோம். விமானி அறைக் கதவு திறந்து நரைத்த மீசையோடு கேப்டன் வந்தார், பின்னாலேயே மகள். அக்கா கேப்டனைக் கும்பிட்டு, பூப்போல இறக்கிவிட்டீர்கள் என்று நன்றி சொன்னார்.

"நான் சும்மா பக்கத்துல இருந்தேம்மா. இறக்குனது உங்க பொண்ணுதான்" என்றார் அவர்.

அக்கா கிடைத்த சீட்டில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மகள் குனிந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதற்கு, கொஞ்சம் இரு கண்ணு என்றார். எதைக் கண்டும் அசராத அந்த முகம் முழுக்க ஈரம்.

அக்கா ரிடையர் ஆகிப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டார். எங்கள் ஆபீஸ் கூரைக்கு மேலே விமானம் தாழ்ந்து வரும்போதெல்லாம் அக்கவுண்ட்ஸில் பேச்சு நின்றுவிடுகிறது. உள்ளே யார் ஓட்டுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் இந்நேரம் தரையைத் தொட்டிருக்கும் என்று தோன்றும்வரை யாரும் கீபோர்டில் கை வைப்பதில்லை.