ஆளுக்கு ஒன்று மட்டும்

சின்ன ரூமை மீட்டே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் சனிக்கிழமை காலையில் சபதம் போட்டார். பல் துலக்கும்போதே போட்டுவிட்டார், வாயில் நுரையோடு.

மனிதர் பேராசைக்காரர் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், சாத்திக்கொள்ள ஒரு கதவு. வாரம் பூராவும் லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே இழுத்துப் போடுகிறவருக்கு, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் யார் குரலும் காதில் விழாமல் உட்கார ஓர் இடம். அது ஒரு குற்றமா? ஆனால் சின்ன ரூமுக்குள் இப்போது காற்றுகூட வரிசையில் நின்றுதான் போக வேண்டும். தோட்டமே இல்லாத வீட்டில் மூன்று தோட்டக் குடை. தண்ணியைக் கண்டாலே ஓடுகிற குடும்பத்துக்கு நாலு நீச்சல் கண்ணாடி. மொட்டை மாடியில்கூடப் படுத்தறியாதவர்களுக்கு ஒரு கூடாரம்!

எல்லாம் தெருமுனைத் தள்ளுபடி சூப்பர்மார்க்கெட்டின் நடு வரிசையில் வந்த வினை. பாலும் ரொட்டியும் கடைக் கோடியில் இருக்கும். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வருகிற பாதி விலைச் சாமான்கள் நடுவில் குவிந்து கிடக்கும். அதைத் தாண்டாமல் பால் பாக்கெட்டைத் தொட முடியாது.

"ஏம்மா, இந்தக் கூடாரம் எதுக்கு?" என்று மனைவியைக் கேட்டார்.

"பாதி விலைங்க."

"எதுக்குன்னு கேக்கறேன்."

"அதான் சொல்றேனே, பாதி விலை!"

இதற்கு மேல் என்னத்தைப் பேசுவது? அவர் முடிவாகச் சொன்னார். "இன்னைக்கு நானும் கடைக்கு வரேன். லிஸ்ட்ல அஞ்சு சாமான். ஆறாவதை நீ தொட்டா, சின்ன ரூம் எனக்கு. எல்லாத்தையும் வாரி வெளிய போட்டுடுவேன்."

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சரி. நீங்க தொட்டா?"

"நானா? நல்ல கதை!"

"நீங்க தொட்டா ரூம் எனக்கு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எழுதிக் குடுக்கவா?"

"வேணாங்க, உங்க வாக்கே போதும்," என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் பேசினாள்.

கடையில் நடு வரிசை வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி போனாள். லிஃப்ட்காரர் வண்டியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு அடக்கத்தை அவர் பார்த்ததே இல்லை.

அங்கே ஓர் இரும்பு அலமாரி. ஐந்து அடுக்கு, கழற்றி அட்டைப்பெட்டியில் அடைத்தது. பாதி விலை. மேலே ஒரு போர்டு: ஆளுக்கு ஒன்று மட்டும். கடைசிப் பெட்டி தனியாகக் கிடந்தது. அந்தக் கடையில் ஒரு பழக்கம். தனியாகக் கிடக்கிற சாமானை ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். இன்னொருத்தர் கை அதில் பட்டால் போதும், அத்தனை பேருக்கும் அது வேண்டும்.

எதிர் ஃபிளாட் பல் டாக்டரின் மனைவி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டிமேல் கையை வைத்தாள்.

"அக்கா, இதை நீங்க எடுக்கலையா?"

"வேணாம்மா. இவர் வேணாம்னுட்டார். நீயே எடுத்துக்கோ."

"அதான் எங்க வீட்டுக்காரரும் சொன்னார். எதிர் வீட்டு அண்ணனுக்கு இதோட அருமை எல்லாம் எங்க தெரியப்போகுதுன்னு."

சுருக்கென்றது. இதே பல் டாக்டர்தான் மூன்று மாசத்துக்கு முன்னால் கடைசி ஏணியை அவர் மூக்குக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போனவர்.

"யாருக்கு அருமை தெரியாது? இருபது வருஷமா இரும்போடதான் என் பொழப்பு!" என்று வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற வேகத்தில் பெட்டியைத் தூக்கித் தன் வண்டியில் போட்டார்.

"ஐயோ, வேணாங்க, பந்தயம்..." என்றாள் மனைவி. அவ்வளவு மெதுவாக அவள் பேசுவாள் என்பதே அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. அலமாரியை அவரே பொருத்தி, சின்ன ரூமின் இடப்பக்கச் சுவரில் அவரே நிறுத்தினார். முதுகு விட்டுப்போயிற்று. மானம் அதற்கு முன்பே போயிருந்தது.

"ஏம்மா, தோத்தது தோத்ததுதான். வலப்பக்கச் சுவரையாவது விட்டுக்குடு. ஒரு நாற்காலி போட்டுக்கறேன். கால்கூட நீட்ட மாட்டேன்."

"பாக்கலாங்க."

அழைப்புமணி அடித்தது. வாசலில் பல் டாக்டர், மூச்சு வாங்க, தோளில் அதே மாதிரி ஒரு பெட்டி.

"எங்க சார் வைக்கணும்? உங்க வீட்டுக்குத்தானாம். கடை திறந்ததுமே என் வீட்டம்மா வாங்கி வச்சிருக்கா. ஆளுக்கு ஒண்ணுதானே குடுக்கறாங்க."

லிஃப்ட்காரர் வாயைப் பிளந்தார். காலையிலேயே ஒன்று வாங்கியவளுக்கு இரண்டாவது எப்படிக் கொடுப்பார்கள்? "அப்போ கடையில அவங்க கையை வச்சது?"

பல் டாக்டர் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். அவரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம்.

"வலப்பக்கச் சுவர்ங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பல் டாக்டர் பெட்டியை இறக்கி வைத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு காதோரமாகக் குனிந்தார்.

"மனசைத் தேத்திக்கோங்க சார். எங்க வீட்ல சின்ன ரூம் போன வருஷமே போயிடுச்சு. இப்ப ஹால் போயிட்டிருக்கு."