ஒருவரையும் நம்பாதவனின் கணக்கு

இனி உலகத்தில் ஒருவரும் என்னை ஏமாற்ற முடியாது என்று போன மாசியில் ஒரு தீர்மானம் எடுத்தேன்.

காரணம், பக்கத்து வீட்டுச் சுபாங்கன். ஆரைக் கண்டாலும் பல்லைக் காட்டுகிற மனுசன். பரிசு விழுந்திருக்கு என்று போனுக்கு வந்த செய்தியையும் சிரித்துக்கொண்டே அமத்தித் திறந்தார். அவருடைய கணக்கு பறிபோனது. நான் அப்படியல்ல. நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காயைக்கூட மணந்து பார்த்து வாங்குகிறவன்.

அன்றைக்கே என் போனில் கடவுச்சொல்லை மாற்றினேன்.

"என்னெண்டு மாத்தினனீங்கள்? எனக்கும் சொல்லுங்கோ," என்றாள் மனைவி உதயகலா.

"கடவுச்சொல்லைக் கடவுளுக்கும் சொல்லக்கூடாது."

"கடவுள் கேக்கேல்லை, நான்தான் கேக்கிறன். மறந்துபோனா?"

"காலம் முழுக்கக் கணக்குப் படிப்பிச்ச எனக்கோ மறக்கிறது?"

மறந்துபோச்சு.

அடுத்த கிழமையே போன் கணக்கைப் பூட்டிக்கொண்டு சொல்லைக் கேட்டது. நான் போட்டதெல்லாம் பிழை என்றது. கணக்கு வாத்தியார் தன் கணக்குக்குள்ளேயே போக முடியாமல் வெளியில் நின்றேன்.

அந்தக் கணக்கில்தான் கனடாவிலிருந்து மகள் தாரிகா என்னை வீடியோவில் அழைப்பாள். உதயகலாவுக்கு வேறு போன், வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குள் தாயும் மகளும் சிரிக்கிற சத்தம் கேட்கும். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாம்.

"வாங்கோவன், பிள்ளை கேக்கிறாள். அப்பா ஏன் போன் எடுக்கிறேல்லையாம்?"

"எனக்கு வேலை கிடக்கு!"

கிணற்றடிக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. அள்ளுவேன், வாழைக்கு ஊற்றுவேன், திரும்ப அள்ளுவேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வாழை அழுகத் தொடங்கிய பிறகு உதயகலாவே வந்தாள்.

"மறந்திட்டியள், என்ன?"

"...ஓம்."

"இஞ்சை தாங்கோ." போனைப் பார்த்தாள். "உங்கடை நெருங்கிய நண்பர் ஆரெண்டு கேக்குது. சரியாச் சொன்னால் திறக்குமாம். என்ன பதில் வைச்சனீங்கள்?"

"அதுவும் மறந்துபோச்சு. சீவரத்தினம் மாஸ்டரைப் போட்டுப் பாத்தன். பிழையாம்."

"அவரோடை கோவிச்சுக்கொண்டு எவ்வளவு காலம்! வேற?"

யோசித்தேன். வேறு ஒரு பெயரும் வரவில்லை. இத்தனை வயதுக்கு ஒரு பெயர்கூடவா இல்லை?

"உம்மடை பேரையும் போட்டுப் பாத்தன்," என்றேன் மெல்ல.

"பிழையெண்டு சொல்லியிருக்குமே."

"ஓம்."

என்னை ஒருதரம் பார்த்தாள். கோபமில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒற்றை விரலால் எதையோ தட்டினாள். கணக்குத் திறந்தது.

"என்ன போட்டனீர்?"

"குகதாசன்."

"அது என்ரை பேரெல்லோ!"

போனை என் கையில் வைத்தாள்.

"வேற ஆரை நம்பிறனீங்கள் நீங்கள்?"